காலைப் பலகாரத்தைக் கெடுத்த கடிதம்

1882-ம் ஆண்டு, டிசம்பர் மாதம். இங்கிலாந்தின் வர்த்தக மந்திரி ஜோசப் சேம்பர்லினுக்குக் காலைத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. பிரித்துப் படித்தார். அதன் பிறகு பலகாரம் தொண்டையில் இறங்கவில்லை.

கடிதம் எழுதியவர் எதிரி அல்ல. அவருடைய உயிர் நண்பர் சர் சார்லஸ் டில்க்.

அப்படி என்ன எழுதியிருந்தார்?

டில்க்கை மந்திரி சபையில் சேர்த்துக்கொள்ளப் பிரதம மந்திரி கிளாட்ஸ்டன் விரும்பினார். ஒரு மந்திரி பதவியும் காலியாக இருந்தது. ஆனால் அது அரச குடும்பத்தின் நிலபுலன்களைக் கவனிக்கும் பதவி. அந்த இடத்துக்கு டில்க் வரக்கூடாது என்று விக்டோரியா மகாராணி பிடிவாதமாக இருந்தார். டில்க் ஒரு காலத்தில் முடியாட்சியே வேண்டாம் என்று பேசியவர். அதை மகாராணி மறக்கவில்லை.

இந்தச் சிக்கலைத் தீர்க்க ஒரு யோசனை சொல்லப்பட்டது. சேம்பர்லின் தம் வர்த்தக இலாகாவை டில்க்குக்குக் கொடுத்துவிட வேண்டும். பதிலுக்கு அவர் அந்த நிலபுலன் பதவிக்குப் போக வேண்டும். அதில் வேலையும் குறைவு, செல்வாக்கும் குறைவு.

சேம்பர்லின் உடனே பதில் எழுதினார். கடிதம் காலைச் சாப்பாட்டையே கெடுத்துவிட்டது என்று ஒளிக்காமல் சொன்னார். இந்த மாற்றம் தமக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை என்றார். ஊரார் கண்டபடி பேசுவார்கள் என்றார். ஆனால் வேறு வழியே இல்லை என்றால் ஒப்புக்கொள்வதாகவும் எழுதினார். தம் இடத்தில் டில்க் இருந்தால் அவரும் இதைத்தான் செய்திருப்பார் என்று ஒரு வரி சேர்த்தார்.

கடைசியில் அந்தத் தியாகத்துக்குத் தேவை ஏற்படவில்லை. வேறொரு மந்திரி இடம் மாறிக்கொண்டார். டில்க் ஸ்தல ஸ்தாபன மந்திரி ஆனார். நண்பர்கள் இருவரும் ஒரே மேஜையைச் சுற்றி அமர்ந்தார்கள்.

நண்பனுக்காகப் பதவியை விட்டுக்கொடுக்கிறேன் என்று மேடையில் பேசுவது சுலபம். யாரும் பார்க்காத அந்தரங்கக் கடிதத்தில், அதுவும் "பிடிக்கவில்லை" என்று உண்மையைச் சொல்லிக்கொண்டே விட்டுக்கொடுப்பதுதான் கடினம். இந்த இருவரும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் எழுதிக்கொண்ட கடிதங்களில் இப்படிப்பட்ட பல செய்திகள் உண்டு. அவர்கள் சேர்ந்தது எப்படி, பிரிந்தது எப்படி என்ற கதையும் அவற்றில்தான் இருக்கிறது.

திருகாணி வியாபாரியும் சீமானும்

இருவருக்கும் பிறப்பிலும் வளர்ப்பிலும் வெகு தூரம்.

சேம்பர்லின் 1836-ல் லண்டனில் பிறந்தவர். சர்வகலாசாலைப் படிப்பு கிடையாது. பதினெட்டாவது வயதில் பர்மிங்காம் நகருக்கு வந்தார். அங்கே உறவினரின் திருகாணித் தொழிற்சாலையில் சேர்ந்தார். திருகாணி என்றால் மரத்தில் முடுக்குகிற சாதாரண ஆணிதான். அந்த ஆணியை விற்றே பெரும் பணக்காரர் ஆனார். 1874-ல் தொழிலை விட்டு விலகினார். அதற்கு முன்பே பர்மிங்காம் நகரசபைத் தலைவர் ஆகியிருந்தார். தனியார் கம்பெனிகளின் கையில் இருந்த விளக்கு வாயுவையும் குடிதண்ணீரையும் நகரசபையின் கைக்குக் கொண்டுவந்தார். இடிந்து கிடந்த சேரிகளை அகற்றினார். ஒற்றைக் கண்ணாடியும் சட்டையில் செருகிய ஆர்க்கிட் பூவும் அவருடைய அடையாளங்கள்.

1938-ல் ஹிட்லரோடு மியூனிக்கில் ஒப்பந்தம் செய்துகொண்ட பிரதம மந்திரி நெவில் சேம்பர்லின் இவருடைய மகன்தான்.

டில்க் 1843-ல் பிறந்தவர். பரம்பரைப் பட்டமும் சொத்தும் உள்ள குடும்பம். கேம்பிரிட்ஜில் படித்தவர். இருபத்திரண்டு வயதில் உலகம் சுற்றப் புறப்பட்டார். அமெரிக்கா, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, இலங்கை, இந்தியா எல்லாம் பார்த்துத் திரும்பினார். 1868-ல் அந்தப் பயணத்தைப் புத்தகமாக எழுதினார். அதே ஆண்டில் லண்டனில் உள்ள செல்சி தொகுதியில் ஜெயித்துப் பாராளுமன்றத்துக்குப் போனார்.

1871-ல் நியூகாசில் நகரில் அவர் ஒரு பிரசங்கம் செய்தார். அரச குடும்பத்துக்கு ஆகும் செலவைக் கணக்குப் போட்டுக் காட்டினார். குடியரசு வந்தால் என்ன என்று கேட்டார். நாடே கொந்தளித்தது. அவருடைய அடுத்த கூட்டங்களில் கல்லெறி நடந்தது. போல்டன் என்ற ஊரில் நடந்த கலவரத்தில் ஒருவர் உயிரே போயிற்று. மகாராணியின் கோபத்துக்குக் காரணம் இதுதான்.

இந்த இருவரையும் முதலில் சேர்த்து வைத்தது பள்ளிக்கூடம். எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி வேண்டும் என்று 1869-ல் பர்மிங்காமில் ஒரு சங்கம் தொடங்கியது. சேம்பர்லின் அதன் நிர்வாகத் தலைவர். அதன் லண்டன் கிளைக்கு டில்க் தலைவர். சங்க வேலைக்காகக் கடிதம் எழுதத் தொடங்கினார்கள்.

துக்கமும் அவர்களைச் சேர்த்தது. சேம்பர்லினின் முதல் மனைவி 1863-ல் பிரசவத்தில் இறந்தார். இரண்டாவது மனைவியும் 1875-ல் பிரசவத்திலேயே இறந்தார். இடையில், 1874-ல், டில்க்கின் மனைவி ஒரு மகனைப் பெற்ற கையோடு கண் மூடினார். இரண்டு வீடுகளிலும் தாயில்லாக் குழந்தைகள். இரண்டு வீடுகளிலும் இரவு வெகு நேரம் எரியும் விளக்கு. அந்த விளக்கடியில் இருவரும் அரசியல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"அன்புள்ள டில்க்", "அன்புள்ள சேம்பர்லின்" என்றுதான் கடிதங்கள் தொடங்கும். வெறும் பெயரா, மரியாதை இல்லையே என்று நமக்குத் தோன்றும். அந்த நாட்டு வழக்கம் வேறு. "சர்" என்ற பட்டத்தை விட்டுவிட்டுக் குடும்பப் பெயரை மட்டும் எழுதுவது அங்கே நெருக்கத்தின் அடையாளம்.

அந்தக் காலத்தில் தபாலும் வெகு சுறுசுறுப்பு. லண்டனில் ஒரே நாளில் பல தடவை தபால் பட்டுவாடா நடக்கும். காலையில் எழுதிய கடிதத்துக்கு மாலையில் பதில் வந்துவிடும். சுமார் 110 மைல் தொலைவில் உள்ள பர்மிங்காமுக்கும் இரவு ரெயிலில் போய் மறுநாள் காலையில் சேர்ந்துவிடும். நாம் இன்று போனில் பேசுவது போல அவர்கள் காகிதத்தில் பேசினார்கள். போனில் பேசியது காற்றோடு போகிறது. காகிதத்தில் பேசியது தங்கிவிட்டது.

ஆறு நூற்றுவர்

சேம்பர்லினின் பலம் பாராளுமன்றத்தில் இல்லை. பர்மிங்காமில் இருந்தது. அதை விளங்கிக்கொள்ள ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும்.

1867-ம் ஆண்டுச் சட்டப்படி பர்மிங்காமுக்கு மூன்று மெம்பர்கள். ஆனால் ஒவ்வொரு ஓட்டருக்கும் இரண்டே ஓட்டு. மூன்றாவது இடமாவது சிறுபான்மைக் கட்சிக்குப் போகட்டும் என்பதுதான் ஏற்பாடு. லிபரல் கட்சிக்காரர்கள் யோசித்தார்கள். எல்லோரும் தமக்குப் பிடித்த இரண்டு பேருக்கே போட்டால் ஒருவருக்கு ஓட்டுகள் குவிந்துவிடும், இன்னொருவர் தோற்றுப்போவார். ஆகவே வார்டு வார்டாகப் பங்கு பிரித்தார்கள். இந்த வார்டுக்காரர்கள் முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் போட வேண்டும். அடுத்த வார்டுக்காரர்கள் இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் போட வேண்டும். அதற்கடுத்த வார்டு முதலாமவருக்கும் மூன்றாமவருக்கும். கேள்வி கேட்காதே, சொன்னபடி ஓட்டுப் போடு!

1868 தேர்தலில் மூன்று இடமும் லிபரல்களுக்கே கிடைத்தன. எதிர்க்கட்சி வாயைப் பிளந்தது.

அதற்காக அமைத்த ஏற்பாடு அப்படியே நிலைத்தது. ஒவ்வொரு வார்டிலும் ஒரு கமிட்டி. அவற்றிலிருந்து வந்த பிரதிநிதிகள் சேர்ந்து ஒரு மகாசபை. பின்னாளில் அதில் அறுநூறு பேர் ஆனார்கள். ஊரில் அதற்கு "ஆறு நூற்றுவர் சபை" என்றே பெயர். அதைக் கட்டிக் காத்தவர் ஃபிரான்சிஸ் ஷ்னாட்ஹார்ஸ்ட். வாயில் நுழையாத பெயர்தான். ஜவுளிக்கடை வைத்திருந்தவர். கட்சிக் காரியதரிசியான பிறகு ஒவ்வொரு தெருவிலும் யார் நம்மவர், யார் எதிரி என்பது அவருக்கு அத்துபடி.

1877-ல் இந்த ஏற்பாட்டை நாடு முழுவதற்கும் விரித்தார்கள். தேசிய லிபரல் சம்மேளனம் என்று பெயர். பர்மிங்காமில் நடந்த தொடக்க மாநாட்டுக்குக் கிளாட்ஸ்டனே வந்து பேசினார். சேம்பர்லின் தலைவர். ஷ்னாட்ஹார்ஸ்ட் காரியதரிசி. அப்போதைய பிரதம மந்திரி டிஸ்ரேலியோ, அமெரிக்காவில் கட்சித் தரகர் கூட்டத்துக்கு வழங்கும் "காக்கஸ்" என்ற பெயரை இதற்குச் சூட்டிக் கேலி செய்தார்.

கேலி ஒருபுறம் இருக்க, இது சாதாரண மனிதனைக் கட்சிக்குள் கொண்டுவந்த ஏற்பாடு என்பதை மறுக்க முடியாது. அதுவரை ஊர்ப் பெரிய மனிதர்கள் நாலு பேர் கூடி அபேட்சகரை முடிவு செய்வார்கள். இங்கே தொழிலாளியும் கடைக்காரரும் கை தூக்கி முடிவு செய்தார்கள். ஆனால் "சொன்னபடி போடு" என்ற கட்டளையும் கூடவே வந்தது. அந்தக் கட்டளை ஒரு நாள் யாரைத் தாக்கும் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை.

"இருவரில் ஒருவர்"

1880 ஏப்ரலில் பொதுத் தேர்தல் முடிந்தது. லிபரல் கட்சி பெரும் வெற்றி பெற்றது. எழுபது வயதான கிளாட்ஸ்டன் மீண்டும் பிரதம மந்திரி ஆனார்.

சேம்பர்லின் டில்க்குக்கு ஒரு கடிதம் எழுதினார். காரமான கடிதம். நம் இருவருக்கும் மந்திரி சபையில் இடம் தந்தால் ஒழிய எந்தப் பதவியும் ஏற்கக்கூடாது. தராவிட்டால் நாம் தனித் தீவிரக் கட்சியாக நிற்கலாம். சர்க்கார் நல்லது செய்தால் ஆதரிப்போம், செய்யாவிட்டால் எதிர்ப்போம். இதுதான் அதன் சாரம்.

டில்க் நிதானமானவர். அவ்வளவு தூரம் போக வேண்டாம், ஒருவர் மந்திரி சபைக்குள் இருந்தால் போதும், மற்றவர் வெளியே ஒரு நல்ல பதவியில் இருக்கலாம் என்றார். அப்படியே உடன்படிக்கை ஆயிற்று.

சில நாட்களில் கிளாட்ஸ்டன் டில்க்கைக் கூப்பிட்டார். வெளிநாட்டு இலாகாவில் உதவி மந்திரி பதவி தருவதாகச் சொன்னார். அது மந்திரி சபைக்கு வெளியே உள்ள பதவி. சேம்பர்லினுக்கு மந்திரி சபையில் இடம் உண்டா என்று டில்க் கேட்டார். இல்லை என்று தெரிந்ததும், அப்படியானால் எனக்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கிழவர் திடுக்கிட்டார். பிறகு வேறு வழியில்லாமல் சேம்பர்லினுக்கு ஆள் அனுப்பினார். சேம்பர்லின் வர்த்தக மந்திரி ஆனார்.

இதில் ஒரு விசேஷம். டில்க் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பாராளுமன்றத்தில் இருப்பவர். சேம்பர்லின் வந்து நாலு ஆண்டுகூட ஆகவில்லை. நியாயமாகப் பார்த்தால் முதல் இடம் டில்க்குக்குத்தான். ஆனால் இளையவர் உள்ளே போக, மூத்தவர் வாசலில் நின்றார். வயதில் அல்ல, அனுபவத்தில் மூத்தவர்.

அன்று முதல் மந்திரி சபையில் நடந்ததெல்லாம் டில்க்குக்குத் தெரிந்துவிடும். ரகசியப் பிரமாணம் எடுத்த மந்திரி இப்படிச் செய்யலாமா என்று கேட்டால், செய்யக்கூடாதுதான். நண்பர்கள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

1882 மே மாதம் டப்ளின் நகரில் அயர்லாந்துக்கான மந்திரி கவெண்டிஷ் பிரபு பட்டப்பகல் போன்ற மாலை வெளிச்சத்தில் பூங்காவில் குத்திக் கொல்லப்பட்டார். அந்த இடத்துக்கு டில்க்கை அழைத்தார்கள். ஆனால் மந்திரி சபையில் இடம் கிடையாது என்றார்கள். டில்க் மறுத்துவிட்டார். பயந்துவிட்டார் என்று சிலர் பேசினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில்தான் பலகாரத்தைக் கெடுத்த கடிதம் போயிற்று.

அடுத்த இரண்டரை ஆண்டு இருவருக்கும் நல்ல காலம். 1884-ல் வந்த சட்டத்தால் கிராமத்து உழைப்பாளிகளுக்கும் ஓட்டு கிடைத்தது. சுமார் 30 லட்சமாக இருந்த ஓட்டர்கள் 50 லட்சத்துக்கு மேல் ஆனார்கள். தொகுதிகளைப் புதிதாகப் பிரிக்கும் கஷ்டமான வேலையை டில்க் செய்து முடித்தார். கிளாட்ஸ்டனுக்குப் பிறகு யார் என்ற பேச்சில் டில்க் பெயர் அடிபட்டது.

ஊட்டிக்குப் போன தந்தி

1885 ஜூலை மாதம் இடி விழுந்தது.

கிராஃபோர்டு என்பவரின் இளம் மனைவி, தாம் தவறு செய்துவிட்டதாகக் கணவரிடம் சொன்னார். யாரோடு என்று கணவர் கேட்டார். டில்க் என்றார். கணவர் விவாகரத்து வழக்குத் தொடர்ந்தார். குற்றச்சாட்டு முழுப் பொய் என்று டில்க் சாதித்தார். கடைசி மூச்சு வரை அப்படியே சாதித்தார்.

அப்போது டில்க் மறுமணம் செய்துகொள்ள நிச்சயம் செய்திருந்தார். அது வெளியாருக்குத் தெரியாது. மணப்பெண் எமிலியா பாட்டிசன். கலை விமரிசகர். அறிஞர் ஒருவரின் விதவை. அந்தச் சமயம் அவர் இருந்தது எங்கே தெரியுமா? நமது ஊட்டியில்! சென்னை மாகாணக் கவர்னர் கிராண்ட் டஃப் அவருக்கு நண்பர். கவர்னர் குடும்பத்தின் விருந்தாளியாக வந்தவர், நீலகிரியில் டைபாய்டு ஜுரத்தில் படுத்துவிட்டார்.

இந்த நிலையில் செய்தியை எப்படிச் சொல்வது? சொல்லாமல் இருப்பது எப்படி? தந்தி போயிற்று. அந்த அம்மாள் கலங்கவில்லை. தமக்கும் டில்க்குக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது என்பதை லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையில் பகிரங்கமாகப் போடச் செய்தார். ஊரே தூற்றும்போது, "நான் இவரை நம்புகிறேன்" என்று உலகத்துக்குச் சொன்னது போல இருந்தது அது.

அக்டோபர் 3-ந் தேதி லண்டனில் கல்யாணம். மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர் சேம்பர்லின்.

அவர் அந்த நாட்களில் டில்க்கைத் தம் வீட்டுக்கு அழைத்துப்போய் வைத்துக்கொண்டார். அரசியலை விட்டு ஓடிவிடாதே என்று தைரியம் சொன்னார். எல்லாம் உண்மை. ஆனால் பிற்கால ஆராய்ச்சியாளர்கள் ஒரு செய்தியைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணைக் கண்காணிக்க அவர் கணவர் ஒரு துப்பறிபவரை வைத்திருந்தார். அவர் கணவரிடம் வாய் திறப்பதற்குச் சில நாட்கள் முன்பு சேம்பர்லின் வீட்டுக்குப் போனதைத் துப்பறிபவர் பார்த்தாராம். எதற்காகப் போனார்? சேம்பர்லினுக்கு முன்பே ஏதாவது தெரியுமா? இதற்கு விடை கிடைக்கவில்லை. சதி என்று சொல்லச் சான்று இல்லை. கடிதங்களைப் படித்தால் சதிகாரன் எழுதியது போலவும் இல்லை.

1886 பிப்ரவரியில் வழக்கு விசாரணைக்கு வந்தது. டில்க் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல வேண்டுமா? வேண்டாம் என்றார்கள் அவருடைய வக்கீல்கள். சேம்பர்லினும் அதையே சொன்னார். பழைய வாழ்க்கையைக் கிளறுவார்கள் என்ற பயம். டில்க் கேட்டுக்கொண்டார்.

தீர்ப்பு விசித்திரமாக வந்தது. டில்க்குக்கு எதிராகச் சான்று இல்லை, அவர் விடுவிக்கப்படுகிறார். ஆனால் மனைவியே ஒப்புக்கொண்டதால் கணவருக்கு விவாகரத்து உண்டு! அவள் தவறினாள், ஆனால் அவன் தவறவில்லை என்பதா என்று ஊர் சிரித்தது. பத்திரிகை ஆசிரியர் ஸ்டெட் விடவில்லை. குற்றமற்றவர் என்றால் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்யட்டும் என்று நாள்தோறும் எழுதினார். நண்பர் நல்லெண்ணத்தோடு சொன்ன யோசனை, டில்க்கின் கழுத்தில் கல்லாகத் தொங்கியது.

அந்த மாதம் கிளாட்ஸ்டன் அமைத்த புது மந்திரி சபையில் டில்க்குக்கு இடம் இல்லை. அவர் வகித்த ஸ்தல ஸ்தாபன இலாகாவே சேம்பர்லினுக்குக் கிடைத்தது.

வாழ்வா சாவா

அப்போது நாட்டை ஆட்டிய பிரச்னை அயர்லாந்து. 1801 முதல் அயர்லாந்தை லண்டன் பாராளுமன்றமே ஆண்டு வந்தது. அயர்லாந்துக்குச் சொந்தச் சட்டசபை கொடுத்துவிடுவது என்று கிளாட்ஸ்டன் முடிவு செய்தார். 1886 ஏப்ரல் 8-ந் தேதி மசோதாவைக் கொண்டுவந்தார். ஐரிஷ் மெம்பர்கள் இனி லண்டன் பாராளுமன்றத்துக்கு வர வேண்டியதில்லை என்றும் அதில் இருந்தது. இது சாம்ராஜ்யத்தை உடைத்துவிடும் என்று சொல்லிச் சேம்பர்லின் மார்ச் மாதமே ராஜிநாமா செய்திருந்தார்.

ஐரிஷ் மெம்பர்கள் லண்டனிலும் இருக்க வேண்டும் என்பதில் டில்க்கும் அவர் கட்சிதான். ஆனாலும் சுயாட்சி என்ற அடிப்படையை எதிர்க்க டில்க்குக்கு மனம் இல்லை. மசோதாவை ஆதரித்து ஓட்டுப் போடப் போகிறேன் என்றார்.

மே மாதம் இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்கள்தான் இந்தக் கட்டு முழுவதிலும் மனதைத் தொடுபவை.

சேம்பர்லின் எழுதினார்: கட்சி கண்ணை மூடிக்கொண்டு அழிவை நோக்கிப் போகிறது. எங்கும் துணிவும் இல்லை, கொள்கையும் இல்லை. இத்தனை கால நெருக்கத்தில், அயர்லாந்து விஷயத்தில் நமக்குள் கருத்து வேற்றுமை உண்டு என்று சில வாரங்களுக்கு முன்பு வரை நான் சந்தேகித்ததே இல்லை.

டில்க்கின் பதிலில் கோபம் இல்லை. ஆனால் படிக்கிறவர் நெஞ்சு கனக்கும். நாம் இருவரும் ஒரே பதவிக்குப் போட்டியாளர்களாக இருந்த ஆண்டுகளில் நமக்குள் பிளவு வரவில்லை. நான் அரசியலில் இனி ஒரு பொருட்டே அல்ல என்று ஆகிவிட்ட இந்த நேரத்தில் அது வந்திருப்பது விந்தைதான். இந்தப் பொருள்பட எழுதினார். தம் அரசியல் வாழ்வு முடிந்துவிட்டது என்று அவரே நம்பினார். மற்றவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள் என்றும் சொன்னார்.

சேம்பர்லின் மறுபடி எழுதினார். இந்தப் போராட்டம் தமக்கு வாழ்வா சாவா என்பது போல. முடிந்தால் ஜெயிப்பார். முடியாவிட்டால் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருப்பார். தாம் பங்குபெறப் போகாத எதிர்காலத்தைப் பற்றிக் கவலைப்படாத ஒரு கிழவரின் அவசரத்துக்காக நாட்டின் ஒற்றுமையைப் பலி கொடுக்கும் கட்சிக்குத் தலைவராக இருக்க அவருக்கு ஆசை இல்லை.

அந்தக் கிழவர் கிளாட்ஸ்டன்.

மேடையில் சேம்பர்லின் பேசிய பேச்சுகளில் இவ்வளவு கசப்பு இருக்காது. சமரசத்துக்குத் தயார் என்று வெளியே சொல்லிக்கொண்டிருந்தார். அது மற்றவர்களின் திருப்திக்காகச் சொல்வது, உண்மையில் மசோதாவைத் தோற்கடிக்கவே விரும்புகிறேன் என்று டில்க்குக்கு எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொண்டார். அரசியல்வாதியின் வாயில் ஒன்று, பேனாவில் ஒன்று.

கட்டியவரைக் கைவிட்ட சம்மேளனம்

அதே மே மாதம் 5-ந் தேதி தேசிய லிபரல் சம்மேளனம் லண்டனில் கூடியது. சேம்பர்லின் பெற்று வளர்த்த பிள்ளை அது. அவர் பக்கம்தான் பேசும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

பேசவில்லை. மிகப் பெரும்பான்மையான பிரதிநிதிகள் கிளாட்ஸ்டனுக்கே கை தூக்கினார்கள். ஒவ்வொரு ஊரிலும் வார்டு கமிட்டிகளுக்குத் தலைவர் சொல்வதே வேதம் என்று பழக்கி வைத்தவர் சேம்பர்லின். இப்போது அவர்கள் தலைவர் சொன்னபடியே கேட்டார்கள். தலைவர்தான் வேறு. ஷ்னாட்ஹார்ஸ்டும் பழைய எஜமானை விட்டுவிட்டுக் கிளாட்ஸ்டன் பக்கம் போனார். அந்த ஆண்டிலேயே சம்மேளனத்தின் தலைமை நிலையம் பர்மிங்காமை விட்டு லண்டனுக்குப் போய்விட்டது.

ஜூன் 8-ந் தேதி பின்னிரவில் பாராளுமன்றத்தில் ஓட்டெடுப்பு நடந்தது. மசோதாவுக்கு 313, எதிர்ப்பு 343. முப்பது ஓட்டில் மசோதா தோற்றது. லிபரல் மெம்பர்களில் 93 பேர் எதிர்த்து ஓட்டுப் போட்டிருந்தார்கள். சேம்பர்லின் ஒரு வாசல் வழியாகப் போனார். டில்க் மறு வாசல் வழியாகப் போனார்.

ஜூலையில் பொதுத் தேர்தல். கிளாட்ஸ்டன் கட்சி தோற்றது. செல்சியில் டில்க்கும் தோற்றார். பதினெட்டு ஆண்டு வைத்திருந்த இடம் போயிற்று. பர்மிங்காம் மட்டும் சேம்பர்லினைக் கைவிடவில்லை.

அதே ஜூலையில் வழக்கு மறுபடியும் கோர்ட்டுக்கு வந்தது. பெயரைத் துடைத்துக்கொள்ள டில்க்கே விரும்பிக் கேட்ட விசாரணை. ஆனால் பிப்ரவரியில் அவர் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டவர். ஆகவே சட்டப்படி அவர் இப்போது கட்சிக்காரர் அல்ல, வெறும் சாட்சி. அவருடைய வக்கீல்கள் அந்தப் பெண்ணைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது! எதிர்த்தரப்பு வக்கீலோ டில்க்கைப் பிய்த்து எடுத்தார். டைரியில் ஏன் இத்தனை இடம் கத்தரிக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டார். வேண்டாத குறிப்புகளைக் கத்தரியால் வெட்டி எடுத்துவிடுவது டில்க்கின் பழக்கம். எதை மறைத்தார் என்று ஜூரிகள் நினைக்காமல் இருப்பார்களா? டில்க் தோற்றார்.

அந்த வக்கீல் ஹென்றி மாத்தியூஸ். அதே மாதம் பர்மிங்காமின் ஒரு தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அடுத்த மாதம் உள்நாட்டு மந்திரியாகவும் ஆனார்.

டில்க் விழுந்தே கிடக்கவில்லை. 1892-ல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நிறைந்த டீன் வனத் தொகுதி அவரைத் தேர்ந்தெடுத்தது. மந்திரி பதவி மட்டும் மறுபடி கிடைக்கவில்லை. உழைப்பாளிகளுக்குக் குறைந்தபட்சக் கூலி வேண்டும் என்று ஆண்டுக்கு ஆண்டு மசோதா கொண்டுவந்தார். 1909-ல் அதற்கு ஒரு சட்டம் வந்தது. அதனால் முதலில் பலன் பெற்றவர்களில், பர்மிங்காமுக்குப் பக்கத்துக் கிராட்லி ஹீத் ஊரில் உலைக்களத்தில் சங்கிலி அடித்த ஏழைப் பெண்களும் உண்டு. ஊட்டியில் ஜுரத்தோடு கிடந்து அவரை நம்பிய மனைவி 1904-ல் காலமாகிவிட்டார்.

சேம்பர்லின் 1895-ல் பழைய எதிர்க்கட்சியோடு சேர்ந்து குடியேற்ற நாட்டு மந்திரி ஆனார். டில்க் எதிர் வரிசையில் உட்கார்ந்து அவரை விமரிசித்தார். 1906-ல் சேம்பர்லினைப் பக்கவாதம் தாக்கியது. பேச்சுக் குழறியது. டில்க் 1911 ஜனவரியில் இறந்தார். சேம்பர்லின் 1914 ஜூலையில் இறந்தார்.

டில்க்கின் வாழ்க்கை வரலாறு 1917-ல் இரண்டு பாகமாக அச்சாயிற்று. அதைத் தயாரித்தவர்களில் ஒருவர் அவர் மனைவியின் உடன்பிறந்தார் மகள். கடிதங்கள் பல அதில்தான் முதன்முதலாக வெளியே வந்தன. டில்க் சேர்த்து வைத்த காகிதங்கள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. சேம்பர்லின் சேர்த்து வைத்தவை பர்மிங்காம் சர்வகலாசாலையில் இருக்கின்றன. ஒருவர் கேட்ட கேள்வியை ஒரு நகரத்தில் படித்துவிட்டு, மற்றவர் சொன்ன பதிலைப் படிக்க ஆராய்ச்சியாளர்கள் ரெயில் ஏற வேண்டியிருக்கிறது.